முத்திரை ஐயா தேடிய செங்கல்

"அப்பா, அந்தப் பழைய கம்ப்யூட்டர் இன்னும் இருக்கா?"

தொலைபேசியில் மகள் இப்படிக் கேட்டதும் முத்திரை ஐயா அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். வழக்கமாக அவள் தன் தாயிடம்தான் பேசுவாள். பேச்செல்லாம் ஓய்ந்தபின் தொலைபேசி அவர் கைக்கு வரும். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். கடல் கடந்து போன இருபத்தைந்து ஆண்டுகளில் அவள் தந்தையிடம் எதையும் வேண்டிக் கேட்டதில்லை.

"இருக்கும்மா. பரண்மேல பத்திரமா இருக்கு."

"ஓடுமா?"

"ஓட வச்சுடலாம்."

"அடுத்த மாசம் வரேன்ப்பா. மூணு நாள்தான் லீவு. நான் அதுல எழுதினது ஒண்ணு இருக்கு. ஒரே ஒரு தடவை அதைப் பாக்கணும்."

அருகில் நின்றிருந்த மனைவிக்கு வியப்புத் தாங்கவில்லை. "அரை மணி நேரம் என்கிட்ட வாய் ஓயாம பேசினா, இதை மூச்சு விடலையே! உங்ககிட்டதான் சொல்லணும்னு வச்சிருந்திருக்கா பாருங்க, வாலு."

வாலு என்பது மகளுக்குச் சிறுவயதில் வைத்த செல்லப் பெயர். நாற்பத்தாறு வயதாகியும் வீட்டில் அது மாறவில்லை. முத்திரை ஐயா என்பதோ கடைத்தெரு வைத்த பெயர். எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரையிடும் அலுவலகத்தில் அவர் முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்தார். ஒரு பலசரக்குக் கடையில் பத்து கிராம் குறைந்தாலும் கல்லைக் கையோடு பறித்துக்கொண்டு போய்விடுவார். ஓய்வுபெற்றுப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியும், அவர் தெருவில் நடந்தால் பழைய கடைக்காரர்கள் தம்மை அறியாமல் தராசுத் தட்டைத் துடைத்து வைப்பதுண்டு.

அத்தகைய மனிதர் தம் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய் ஒன்று அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றியது.

கப்பலில் வேலை பார்த்த அவருடைய மைத்துனர் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிவந்து வாலுவுக்குக் கொடுத்தது அது. விசைப்பலகைக்குள்ளேயே முழுக் கம்ப்யூட்டரும் அடங்கியிருக்கும். டிவியோடு இணைத்தால் திரையில் எழுத்து வரும். எழுதியதைச் சாதாரணப் பாட்டுக் கேசட்டில் பதிந்து வைக்கலாம். அதற்கு மின்சாரம் கொடுக்கத் தனியே ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. உள்ளே பிசின் ஊற்றி இறுக மூடிய, திறக்க வழியில்லாத பெட்டி. கனத்தைப் பார்த்து அதற்குச் செங்கல் என்று பெயரிட்டவளும் வாலுதான். அது ஒரே நேரத்தில் இருவகை மின்சாரம் தரும்: நேர்மின்சாரம் ஐந்து வோல்ட், மாறுமின்சாரம் ஒன்பது வோல்ட். முனையில் ஏழு ஊசிகள் கொண்ட செருகி. கடைகளில் விற்கும் எந்த அடாப்டரும் அதற்குப் பொருந்தாது.

பள்ளி இறுதித் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கையில், மகள் பாடப் புத்தகத்தைத் தொடுவதேயில்லை என்று அவருக்குப் பட்டது. ஒருநாள் காலை செங்கலைத் துணிப்பையில் போட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோய், பறிமுதல் செய்த போலி எடைக்கற்கள் கிடக்கும் சரக்கறையில் ஒரு மூலையில் வைத்தார். மாலையில் வீடு திரும்பி, "அது எரிஞ்சு போச்சும்மா. காலையில ஒரே வாடை. ரிப்பேருக்குக் குடுத்தேன், இதுக்குமேல ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டான்" என்றார். கண் இமைகூட ஆடவில்லை.

கடைசித் தேர்வு முடிந்த அன்று, சரிசெய்தாயிற்று என்று சொல்லி அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பதே அவர் போட்ட கணக்கு. ஆனால் இடையில் அவரை வெளியூர்ச் சோதனைக்குப் பதினைந்து நாள் அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் சரக்கறை துடைத்துவிட்டது போல் இருந்தது. பறிமுதலான பொருளைச் சம்மட்டியால் உடைத்துப் பழைய இரும்புக்குப் போடுவது அலுவலக விதி. பதிவேட்டில் பெயரில்லாத ஒரு கறுப்புப் பெட்டியும் அந்த விதிக்குத் தப்பவில்லை. இனி யாரிடம் போய் என்னவென்று சொல்வது? விழுங்கிய முள்ளைப் போல அதை உள்ளேயே வைத்துக்கொண்டார்.

மகள் மட்டும் விடவில்லை. நான்கு சனிக்கிழமைகள் தந்தையின் கையைப் பிடித்துக் கடை கடையாக இழுத்துப் போனாள். ஏழு ஊசிச் செருகியைத் தாளில் வரைந்து, இது இருக்கிறதா என்று ஒவ்வொரு கல்லாவிலும் நீட்டினாள். கடைக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அவரும் கூடவே நின்று, "கிடைக்காதும்மா, வெளிநாட்டுச் சாமான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஐந்தாவது சனிக்கிழமை அவள் கூப்பிடவில்லை. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாள், வெளியூரில் படித்தாள், பிறகு வெளிநாடு போனாள். சண்டை என்று சொல்ல ஒன்றும் நடக்கவில்லை. பேச்சு மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது.

இப்போது அவளே வாய்திறந்து கேட்டிருக்கிறாள். முத்திரை ஐயா மறுநாள் காலையிலேயே ரேடியோக்காரரின் கடைக்குப் போனார்.

ரேடியோக்காரர் அறுபதைத் தாண்டியவர். கடைக்கு ரேடியோ வருவது நின்று எவ்வளவோ காலமாயிற்று. மின்விசிறியும் மிக்ஸியும்தான் வருகின்றன. கம்ப்யூட்டரைப் பார்த்ததும் மனிதர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அடேயப்பா! இது எங்க சார் ஒளிஞ்சிருந்தது? என் தலைமயிர் கறுப்பா இருந்தப்ப ஒண்ணு பாத்தேன்."

"இதுக்குப் பவர் சப்ளை வேணும்ப்பா."

"வேணும்னா செஞ்சுட்டாப் போச்சு. அஞ்சு வோல்ட்டுக்குப் புதுசா ஒண்ணு, ஒம்பதுக்குச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர், நடுவுல பியூஸ், ஒரு பிளாஸ்டிக் டப்பா. நாலு நாள்ல குடுத்துடறேன்."

"செய்யறது வேண்டாம். அசல் வேணும்."

"அசலா?" ரேடியோக்காரர் சிரித்தார். "சார், முப்பது வருஷத்துக்கு முந்தி செஞ்ச அசலை நம்பறதும் ஏழு கழுதை வயசான ஆளை மரம் ஏறச் சொல்றதும் ஒண்ணு. வெளியில பளபளன்னு இருக்கும், உள்ள நைஞ்சு போயிருக்கும். நான் செய்யறது பாக்க அழகா இருக்காது, ஆனா பெட்டியைக் கொல்லாது."

"அசல்தான் வேணும்."

"கல்லுளிமங்கன் மாதிரி ஒரே பேச்சுப் பேசறீங்களே! எதுக்குன்னாவது சொல்லுங்க."

எதற்கு என்பதைத்தான் அவரால் சொல்ல முடியாது. புதிதாகச் செய்த டப்பாவைப் பார்த்தால், இதை அன்றே செய்திருக்கலாமே, பழையது எங்கே என்ற கேள்வி மகள் மனத்தில் எழும். அதே கறுப்பு, அதே கனம், அதே எழுத்துள்ள செங்கல் மேசைக்கடியில் கிடந்தால், அன்று ரிப்பேர்க்காரன் தேடிக் கொடுத்தான், பரணில் போட்டு மறந்துவிட்டேன் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். அவள் கேட்டதும் கிடைத்துவிடும். அவர் எதையும் சொல்லாமலும் தப்பித்துவிடலாம். கேட்டதை மறுக்காத தகப்பனாக ஒருமுறையாவது அவள் முன் நிற்க வேண்டும் என்று அவர் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

மூன்று வாரம் அலைந்தார். நோட்டுப் புத்தகத்தில் வரிசை எண் போட்டு, போன இடம், பார்த்த ஆள், கிடைத்த பதில் என்று பத்தி பிரித்துக் குறித்துவந்தார். பழைய சாமான் கிடங்குகள் பதினொன்று. டிவி மெக்கானிக்குகள் ஆறு பேர். எல்லாவற்றுக்கும் நேரே 'இல்லை'. பதினெட்டாவது வரியில் டைப் மாஸ்டர் வந்தார். ஒரு காலத்தில் தட்டெழுத்துப் பயிற்சி நிலையம் நடத்தி, காலத்துக்கேற்பக் கம்ப்யூட்டர் வகுப்பும் வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர். அந்த நாளில் இதே இனத்தில் ஐந்து கம்ப்யூட்டர்கள் வாங்கிப் போட்டிருந்தாராம்.

"கம்ப்யூட்டரெல்லாம் எப்பவோ போயிடுச்சு சார். நீங்க சொல்ற அந்தக் கறுப்புக் கட்டை மட்டும் ஒண்ணு கிடக்கு. என் சம்சாரம் சமையல்கட்டுக் கதவு சாத்திக்காம இருக்க முட்டுக் குடுத்து வச்சிருக்கா."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அதைக் குடுத்துட்டா கதவுக்கு என்ன பண்றது? நீங்க போய் நிப்பீங்களா?"

முத்திரை ஐயா மறுநாளே பழைய இரும்பு எடைக்கல் ஒன்றைக் கொண்டுபோய்க் கதவுக்கு வைத்துவிட்டுச் செங்கலை வாங்கிவந்தார். துடைத்துப் பார்த்தால் அச்சு அசலாக அதேதான். அடியில் ஒட்டிய தாளில் ஐந்து வோல்ட், ஒன்பது வோல்ட் என்ற எழுத்துகள்கூட அழியவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மகள் வர இரண்டே நாள் இருந்தது. ரேடியோக்காரர் கடை பூட்டிக் கிடந்தது. கண் அறுவைக்குப் போயிருப்பதாகப் பக்கத்துக் கடையில் சொன்னார்கள். தொலைபேசியில் பிடித்துவிட்டார்.

"கிடைச்சுடுச்சா! ஆளு கில்லாடிதான் சார் நீங்க. ஆனா உடனே மாட்டிடாதீங்க. நான் வந்து, அதுக்கு ஒரு பல்பைச் சுமையா மாட்டி எரிய விட்டு, ஒரு மணி நேரம் சூடாக விட்டு அளந்து பாக்கறேன்."

"நீ எப்ப வருவே?"

"கட்டு அவிழ்க்க அஞ்சு நாள் ஆகும்."

ஐந்து நாளில் அவள் வந்துவிட்டுத் திரும்பியும் போயிருப்பாள். அளப்பதற்கு இன்னொருவர் எதற்கு என்று முத்திரை ஐயா நினைத்தார். அளப்பதுதானே அவருடைய பிழைப்பு? மீட்டர் ஒன்று வாங்கிவந்து, அலுவலக முறைப்படி மூன்று முறை அளந்தார். ஐந்து புள்ளி ஒன்று. ஐந்து புள்ளி ஒன்று. ஐந்து புள்ளி ஒன்று. தாளில் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுச் செங்கலின் மேல் ஒட்டினார்.

இரும்புக்கல்லைக் காலையில் நிறுத்தாலும் மாலையில் நிறுத்தாலும் ஒரே எடைதான். மூன்று முறை ஒத்துவந்தால் முத்திரையிடலாம். ஓராண்டுக்கு அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. முப்பத்துநான்கு ஆண்டுகள் கையில் ஊறிய வழக்கம் அது. சரி என்று கண்ட ஒன்று, நாற்பது நிமிடத்தில் சூடேறித் தவறாகிப் போகும் என்பது அவருடைய தொழில் அறியாத செய்தி. ரேடியோக்காரர் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் கடைக்காரனிடமிருந்து ஆய்வாளருக்கு வந்த ஆலோசனையாகத்தான் விழுந்தது.

மகள் வருவதற்கு முந்தைய நாள் காலை பதினொரு மணிக்கு, மனைவி விடாப்பிடியாக வைத்திருந்த பழைய டிவியோடு கம்ப்யூட்டரை இணைத்து, ஐந்து நிமிடம் மட்டும் சோதிப்போம் என்று பொத்தானை அமுக்கினார். நீலத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்து நின்றன. மனைவி கைதட்டினாள்.

"வாலு எழுதினதையும் போட்டுப் பாருங்களேன். சரியா வருதான்னு தெரிய வேண்டாமா?"

கேசட் ஏறுவதற்கே பத்து நிமிடம் பிடித்தது. பிறகு திரையில் ஒரு தெரு வந்தது. தெரு நெடுகக் கடைகள். இடப்பக்கத்திலிருந்து ஒரு குட்டி மனிதன் வந்தான்; பெரிய மீசை, கையில் ஒரு பை. முதல் கடைக்குள் நுழைந்து தராசைத் தூக்கிப் பார்த்தான். கடைக்காரன் பின்பக்கமாக ஓட்டம் பிடித்தான். அம்புக்குறி விசையை அமுக்கினால் மீசைக்காரன் துரத்துவான். பிடித்துவிட்டால் 'டொங்' என்று முத்திரை விழும்.

"ஐயோ, இது நீங்கதாங்க!" மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நடையைப் பாருங்க, அதே தாங்கித் தாங்கி! உங்களைப் போய்ப் போட்டிருக்காளே!"

அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. இந்தப் பெண் பாடத்தை விட்டுவிட்டு அத்தனை நாளும் உட்கார்ந்து வரைந்தது அவரைத்தானா? இன்னொரு முறை, இன்னொரு முறை என்று மனைவி விடவில்லை. அவருக்கும் விட மனமில்லை. இரண்டு கடை தாண்டி மூன்றாவது கடை வாசலில் மீசைக்காரன் எப்போதும் நின்றுவிடுவான். அதற்குமேல் எழுதப்படவில்லை. ஐந்து நிமிடம் என்று தொடங்கியது நாற்பது நிமிடத்தைத் தாண்டியதை இருவரும் கவனிக்கவில்லை.

திடீரென்று தெருவெங்கும் பொருளில்லாத குறிகள் கொட்டின. வண்ணங்கள் தாறுமாறாக ஓடின. திரை கறுத்தது. அவர் பாய்ந்து போய் இணைப்பைப் பிடுங்கினார். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து மெல்லிய வாடை வந்தது. செங்கலைத் தொட்டால் கை சுட்டது. ஆறவிட்டு மீண்டும் போட்டார். அன்று மாலைவரை போட்டுக்கொண்டேயிருந்தார். திரை விழிக்கவில்லை.

மகள் வந்தாள். முடியில் நரை கண்டிருந்தது. தாயைக் கட்டிக்கொண்டு, தந்தையைப் பார்த்துத் தலையசைத்து, பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு நேரே மேசைக்குத்தான் போனாள். குனிந்து செங்கலைப் பார்த்தாள்.

"என்னப்பா, ஓடுதா?"

"எரிஞ்சு போச்சும்மா" என்றார்.

சொன்ன மறுகணமே தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து நெசமாவே எரிஞ்சு போச்சு. அம்மாவைக் கேளு." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அன்னைக்குச் சொன்னதுதான் நெசமில்ல. அது எரியல. நான்தான் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போனேன். பரீட்சை முடிஞ்சதும் குடுத்துடலாம்னுதான் வச்சேன். அதுக்குள்ள உடைச்சுப் போட்டுட்டாங்கம்மா."

"தெரியும்ப்பா."

"தெரியுமா?"

"பல் தேச்சுக்கிட்டு ஜன்னல்ல நின்னேன். நீங்க துணிப்பையில போட்டதைப் பாத்தேன்."

"அப்புறம் எதுக்கும்மா கடை கடையா..."

"நீங்க சொல்லுவீங்கன்னுதான்." அவள் சத்தம் போடவில்லை, நிதானமாகத்தான் சொன்னாள். "ஒவ்வொரு கடை வாசல்லயும் உங்க முகத்தைப் பாத்தேன். இந்தக் கடையில சொல்லிடுவார், அடுத்த கடையில சொல்லிடுவார்னு. நாலு வாரம். எடுத்தது எனக்குப் பெரிசில்லப்பா. என்கூட நடந்து வந்து, நானும் தேடறேன்னு நின்னீங்களே, அதுதான்..."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். "நாலு சனிக்கிழமையும் வெயில்னு குடை குடுத்து அனுப்பினேனே நான்" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

மூன்று நாளும் வீட்டில் சாதாரணமாகவே கழிந்தன. மகள் தாயோடு கடைக்குப் போனாள், அலமாரியை ஒழுங்குபடுத்தினாள். புறப்படும் நாள் கேசட்டை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"அங்க இந்த மாதிரி பழைய மெஷின் வச்சிருக்கவங்க இருக்காங்க. யாராவது ஓட்டித் தருவாங்க."

"நான் பாத்தேம்மா" என்றார் அவர். இதைச் சொல்ல மூன்று நாளாக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப நல்லா பண்ணியிருக்கே. மூணாவது கடை வாசல்ல நிக்குது. அதுக்கு மேல எழுதப் போறியா?"

அவள் கைப்பையை மூடினாள். "இல்லப்பா. நின்ன இடத்துலயே நிக்கட்டும்."

பெட்டியைத் தூக்கக் குனிந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் ரேடியோக்காரர் கறுப்புக் கண்ணாடியோடு கடை திறந்தார். நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். செங்கலுக்கு ஒரு சிறு பல்பைச் சுமையாக மாட்டி, மீட்டரை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார். முத்திரை ஐயா முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். ஐந்து புள்ளி ஒன்று. அரை மணி கழிந்தும் ஐந்து புள்ளி ஒன்றுதான். நாற்பதாவது நிமிடம் எண் அசைந்தது. ஐந்து புள்ளி ஆறு. ஆறு. ஏழு புள்ளி இரண்டு. யாரும் தொடாமல், ஒரு சத்தமும் இல்லாமல் ஏறிக்கொண்டே போய் எட்டரையில் நின்றது.

"பாத்தீங்களா, இதான் விஷயம்" என்று ரேடியோக்காரர் வந்து இணைப்பைப் பிடுங்கினார். "இப்பவும் ஒண்ணும் முழுகிப் போகல சார். உள்ள இருக்கற மெமரி சிப் எட்டும்தான் செத்திருக்கும். தேடினா கிடைக்கும், மாத்திடலாம். பவர் சப்ளையை நானே செஞ்சு தரேன். என்ன சொல்றீங்க?"

"வேண்டாம்ப்பா."

"ஏன் சார்? இவ்வளவு அலைஞ்சுட்டு!"

முத்திரை ஐயா எழுந்து முக்காலியை அதன் இடத்தில் போட்டார். "கேட்டவ போயிட்டாப்பா" என்றார்.